பத்தடிக் கல்

ஆற்றின் மேல் யாரிடம் புகார் கொடுப்பது என்று ரொட்டிக்காரருக்குத் தெரியவில்லை. மாவில் கலப்படம் என்றால் அதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. எடையில் குறை என்றால் அதற்கும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆறு வருஷா வருஷம் கொல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, இப்போது பாத்திரம் கழுவும் தொட்டி வரைக்கும் வந்துவிட்டது என்றால் எங்கே போவது? நாலு பேரிடம் விசாரித்ததில், நிலவடிவக் காப்பு அலுவலகம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. தெரிந்ததுமே அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. பாவம், அப்படிப்பட்ட மனிதர்.

அவருக்கு வீடும் கடையும் ஒன்றுதான். முன்னால் ரொட்டி விற்கும் அறை, நடுவில் அடுப்பு, அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் ஆறு. அடுப்பு என்றால் தூக்கி இன்னோர் இடத்தில் வைக்கிற சமாசாரம் இல்லை. மாமனார் செங்கல் செங்கலாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்தது. ஓர் ஆள் உள்ளே தவழ்ந்து போய்ச் சாம்பல் அள்ளலாம், அவ்வளவு பெரியது. அது போனால் தொழில் போச்சு, தொழில் போனால் சோறு போச்சு. ஆற்றுக்கும் அடுப்புக்கும் நடுவில் இப்போது மிச்சம் இருந்தது அந்தச் சமையலறை ஒன்றுதான்.

அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். அதைக் கட்டியவர்கள் ரொம்பவும் யோசித்துத்தான் கட்டியிருந்தார்கள். இயற்கை எப்படி வேலை செய்கிறதோ அதே வரிசைதான். மேலே உடைகிறது, அதனால் மேல்மாடியில் சிதைவுப் பிரிவு. நடுவில் ஓடுகிறது, அதனால் நடுமாடியில் அரிப்புப் பிரிவு. கீழே தங்குகிறது, அதனால் கீழ்த்தளத்தில் படிவுப் பிரிவு. யாராக இருந்தாலும் முதலில் மேலே ஏறித்தான் கீழே இறங்க வேண்டும். மலையே அப்படித்தான் இறங்குகிறது என்கிறபோது மனிதனுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

ரொட்டிக்காரர் மூச்சு வாங்க ஏறினார்.

சிதைவுப் பிரிவு அதிகாரி ஒல்லியான மனிதர். அவருடைய மேசை முழுக்க வெடித்த கற்கள். வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே பாடம் ஆரம்பித்துவிட்டார்.

"பாறை எப்படி உடையுதுன்னு தெரியுமா உங்களுக்கு? பகல்ல வெயில்ல விரியும், ராத்திரி குளிர்ல சுருங்கும். விரிசல்ல தண்ணி இறங்கி உறைஞ்சுதுன்னா பொளந்துடும். மரத்து வேர் நுழைஞ்சு நெம்பும். மழைத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கரைச்சே தீர்த்துடும். இவ்வளவு நடக்குது, ஆனா ஒரு துண்டு கூட இடத்தை விட்டு நகராது. அதான் எங்க பிரிவோட பெருமை."

"எங்க சமையக்கட்டுச் சுவத்துல கூட விரிசல் விட்டிருக்கு சார்."

"அடடே!" அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எந்தப் பக்கமா போகுது? மேல இருந்து கீழயா, குறுக்காவா?"

"குறுக்கா சார். கை நுழையுது. எப்ப விழுமோன்னு பயமா இருக்கு."

மலர்ந்த முகம் வாடிவிட்டது. "விழுந்தா நகர்ந்துடுச்சுன்னு அர்த்தம். நகர்ந்தது எங்களுது இல்ல, கீழ் மாடி. நீங்க விழறதுக்கு முன்னாடில்ல வரணும்?"

"அதுக்குத்தான் சார் இப்ப வந்திருக்கேன்."

"இப்ப வெறும் விரிசல்தானே? விரிசல் இயற்கை. அதை நாங்க தடுக்க மாட்டோம். கவனிப்போம்."

நடுமாடியில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. அரிப்புப் பிரிவு என்பதால் நாற்காலியே போடவில்லை. எல்லோரும் தாள்களைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அதிகாரியோடு பேச வேண்டுமானால் கூடவே ஓட வேண்டும். ரொட்டிக்காரரும் ஓடினார்.

"மண்ணு ஓடிக்கிட்டு இருக்கா?" என்றார் அதிகாரி, திரும்பிப் பார்க்காமல்.

"ஓடிக்கிட்டே இருக்கு சார்."

"இப்ப, இந்த நிமிஷம் ஓடுதா?"

"நான் இங்க இருக்கேனே சார், எனக்கெப்படித் தெரியும்?"

"பாத்தீங்களா? ஓடிப்போன மண்ணு எங்களுது இல்ல, அது படிவு. ஓடப்போற மண்ணும் எங்களுது இல்ல, அது சிதைவு. ஓடிக்கிட்டிருக்கிற மண்ணைக் கொண்டுவந்து காட்டுங்க, உடனே நடவடிக்கை எடுக்கிறேன். நான் ரொம்ப வேகமான ஆளு."

அது உண்மைதான். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கோடிக்குப் போய்விட்டார்.

ரொட்டிக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினார். அங்கே எல்லாம் மெத்தை வைத்த நாற்காலிகள். உட்கார்ந்தவர்கள் எப்போது உட்கார்ந்தார்களோ, அப்படியே அமிழ்ந்து போயிருந்தார்கள். படிவுப் பிரிவு அதிகாரி அவரை அன்பாகப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஆறு வளையுற இடத்துல வெளிப்பக்கம் தண்ணி வேகமா வரும், கரையை அறுக்கும். உள்பக்கம் மெதுவாப் போகும், கொண்டுவந்ததைப் போட்டுட்டுப் போகும். நீங்க வெளிப்பக்கம். எதிர்க்கரையில மணல் மேடு வளர்ந்திருக்கே, பாத்தீங்களா? எவ்வளவு அழகு! உங்க கொல்லை அதுல தான் இருக்கு. பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

"அது எனக்குத் திரும்பக் கிடைக்குமா சார்?"

"எங்க பிரிவுக்கு வாங்கத்தாங்க தெரியும்."

இருந்தாலும் அவர் இளகிய மனசுக்காரர். ரொட்டிக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அளந்து பார்க்க ஆள் அனுப்பச் சொல்கிறேன் என்றார். அளந்து பார்த்தால் ஆறு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் கரைக்குக் கல்லைக் கொட்டித்தானே ஆக வேண்டும்? ரொட்டிக்காரர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

அளவை அதிகாரி வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கூடவே கடப்பாரையும் டேப்பும் எடுத்துக்கொண்டு கல்தூக்கி ஒருவர். ஆற்றின் விளிம்பில் குறிக்கல் ஒன்று நட்டிருந்தது; அது அலுவலகத்துடையது என்று ரொட்டிக்காரருக்கு இப்போதுதான் தெரிந்தது. முழங்கால் உயரம், சிவப்பு வண்ணம். கரை இடிந்து இடிந்து அது இப்போது பாதி அந்தரத்தில் சாய்ந்து நின்றது.

"என்ன இது, கல்லு இவ்வளவு முன்னாடி வந்திருக்கு?" என்று அதட்டினார் அளவை அதிகாரி.

"கல்லு வரல சார். ஆறுதான் வந்துச்சு," என்றார் ரொட்டிக்காரர்.

"கல்லு தண்ணியோட விளிம்புல இருந்து பத்தடியில இருக்கணும். அதான் விதி. தப்பான இடத்துல இருக்கிற கல்லுல இருந்து அளந்தா தப்பான அளவுதானே வரும்? முதல்ல கல்லைச் சரியான இடத்துல வைப்போம். அப்புறம் அளப்போம்."

கல்தூக்கி கல்லைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டார். விளிம்பிலிருந்து டேப்பை இழுத்தார்கள். டேப் தொட்டியைத் தாண்டி, பின்வாசலைத் தாண்டி, சமையலறைக்குள் வந்து, அலமாரிக்குப் பக்கத்தில் பத்தடியைத் தொட்டது. அங்கே தரையை உடைத்துக் கல்லை நட்டார்கள். பிறகு கல்லிலிருந்து ஆறு வரைக்கும் டேப்பை இழுத்துப் பயபக்தியோடு அளந்தார்கள்.

"பத்தடி," என்றார் அளவை அதிகாரி. "போன வருஷமும் பத்தடி. அதுக்கு முந்தின வருஷமும் பத்தடி. ஆறு ஒரு விரற்கடை கூட நகரல. சும்மா பயந்து சாகாதீங்க."

ரொட்டிக்காரர் டேப்பைப் பார்த்தார். பத்தடி என்றுதான் இருந்தது. எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது, ஆனால் விரலை வைத்துக் காட்ட முடியவில்லை. அவருடைய மனைவிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

"அந்தக் கல்லை நீங்கதானே இப்பத் தூக்கி இங்க வெச்சீங்க?"

"நாங்க வைக்காம வேற யாரும்மா வைப்பாங்க?" என்றார் அளவை அதிகாரி, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "அது அரசாங்கக் கல்லு. நீங்கல்லாம் தொடக் கூடாது."

குடை வெளியே போனதும், கல்தூக்கி தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஆற்றின் நடுவில் சுழித்துக்கொண்டிருந்த ஓர் இடத்தைக் கண்ணால் காட்டினார்.

"அந்தச் சுழல் இருக்கு பாருங்க, அங்கதான் எங்க வீடு. பாத்திரக் கடை வெச்சிருந்தேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார் ரொட்டிக்காரர்.

"என்னத்தைச் சொல்றது? பத்தடி இருந்துச்சே."

அதற்கப்புறம் அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. கல்லுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருப்பது எல்லாம் விதிப்படி கரை, கரையில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அதாவது சமையலறையில் பாதி வீடு, பாதி கரை. பானை இருந்தது கரையில், விறகு இருந்தது வீட்டில். மனைவி கல்லின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கையை எட்டி நீட்டிக் கரையில் சமைத்தாள்.

மழை பிடித்தது. தொட்டி ஒரு நாள் மத்தியானம் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. மனைவிக்குத்தான் அந்த யோசனை வந்தது.

"ஓடிக்கிட்டிருக்கிற மண்ணைத்தானே அவரு கேட்டாரு? கொண்டுபோய்க் காட்டுவோம் வாங்க."

ஒரு வாளியில் ஆற்றுத் தண்ணீரையும் இடிந்த மண்ணையும் போட்டார்கள். மண் அடியில் தங்கிவிடாமல் மாவு துழாவும் கட்டையால் சுற்றிக்கொண்டே தெருவில் நடந்தார்கள். அவர் கை ஓய்ந்தால் அவள் சுற்றினாள், அவள் கை ஓய்ந்தால் அவர் சுற்றினார். தெருவே வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வாசலில் நின்று, "என்னண்ணே, ரொட்டியை விட்டுட்டு இப்ப ஆத்தையே காய்ச்சறீங்களா?" என்று சிரித்தாள். சிரித்ததில் தப்பில்லை. அவள் வீடு ஆற்றிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருந்தது.

அலுவலகத்தில் முதலில் மேல்மாடிக்கு ஏறச் சொன்னார்கள். சுற்றிக்கொண்டே ஏறினார்கள். சிதைவு அதிகாரி வாளியை எட்டிப் பார்த்து, இது ரொம்ப நகர்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுற்றிக்கொண்டே இறங்கினார்கள். அரிப்பு அதிகாரி எதிர்ப்பக்கக் கோடியில் ஓடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வரும்வரை சுற்றினார்கள். வந்தவர் நிற்காமல், "இதோ திரும்பி வர்றேன்" என்று தாண்டிப் போனார். ரொட்டிக்காரருக்குத் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. கட்டையை மனைவியிடம் மாற்றிக் கொடுத்தபோது அது நழுவி விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தலையை முட்டிக்கொண்டார்கள். நிமிர்ந்தபோது அதிகாரி வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நின்றிருப்பார்.

"தண்ணி தெளிஞ்சிருக்கே," என்றார். "மண்ணு அடியில தங்கிடுச்சு. இது படிவு. கீழே கொண்டு போங்க."

கீழே அவர்களை வரவேற்று, மண்ணை நன்றியோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாளியையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது ரொட்டிக்காரருக்கு அழுகை வந்தது. நடுத்தெருவில் அழ வெட்கமாக இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

அடுத்த தடவை அளந்தபோது கல் சமையலறையிலிருந்து அடுப்பறைக்குள் வந்து, அடுப்பின் வாய்க்கு நேராக உட்கார்ந்தது. பத்தடிதான். அந்த வருஷம்தான் அலுவலகத்துக்கு ஐம்பதாவது ஆண்டு. ஐம்பது ஆண்டும் ஆறு ஓர் அங்குலம் கூட நகராத சாதனையைக் கொண்டாட வேண்டும், அதுவும் அந்தச் சாதனைக்குக் காரணமான கல்லுக்குப் பக்கத்திலேயே கொண்டாட வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டார். கல் இருந்தது ரொட்டிக்காரர் வீட்டில். ஆகவே ரொட்டிக்காரர் வீட்டில் நாற்காலிகள் போட்டார்கள். கல்லுக்குப் புதுச் சிவப்பு அடித்தார்கள். அடுப்பைப் பற்ற வைத்தால் புகை வரும் என்று அன்றைக்கு ரொட்டி போட விடவில்லை. இயக்குநரின் பின்னால் அடுப்பு, அடுப்பின் பின்னால் சமையலறையின் மிச்சம், அதன் பின்னால் ஆற்றின் சத்தம்.

இயக்குநர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே! உலகமெங்கும் மலை தேய்கிறது. பாறை மண்ணாகிறது, மண் ஆற்றோடு போகிறது, போன மண் எங்கோ சேர்ந்து சமவெளியாகிறது. பள்ளத்தாக்குகள் அப்படித்தான் உண்டாயின என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நம் எல்லைக்குள் மட்டும் ஐம்பது ஆண்டுகளாக எதுவும் மாறவில்லை! ஏன்? நம்மிடம் ஒரு கல் இருக்கிறது. அந்தக் கல்லை எப்போது எங்கே வைக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது."

கைதட்டல். ரொட்டிக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. கைதட்டலால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"நான் பொறுப்பேற்ற நாளில் இந்த ஆறு எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. இன்று என் அறை ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிகிறது. அலுவலகம் மக்களைத் தேடிப் போக வேண்டும் என்பார்கள். நாமோ ஆற்றையே நம்மைத் தேடி வர வைத்திருக்கிறோம்! சிலர் வீடு போய்விட்டது என்று குறைப்படுகிறார்கள். எங்கே போய்விட்டது? உடைந்திருக்கிறது, நகர்ந்திருக்கிறது, சேர்ந்திருக்கிறது. மூன்று பிரிவும் தத்தம் கடமையைச் செய்திருக்கின்றன. இதில் இழப்பு என்ன இருக்கிறது? கூட்டிக் கழித்துப் பார்த்தால் பூமியில் ஒரு பிடி மண்கூடக் குறையவில்லை!"

இதற்கு எழுந்த கைதட்டலோடு சமையலறை போனது. பிறகு அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர் ஒரு தடவை பெருமூச்சு விட்ட மாதிரி வெளிப்பக்கமாகச் சாய்ந்தது.

"கல்லு! கல்லைப் புடிங்க!" என்று கத்தினார் அளவை அதிகாரி.

எல்லோரும் கல்லுக்குப் பாய்ந்தார்கள். சிதைவு அதிகாரி, படிவு அதிகாரி, மாலையும் கழுத்துமாக இயக்குநர் எல்லோரும் சேர்ந்து கல்லைக் கட்டிப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். ரொட்டிக்காரர் மட்டும் அடுப்பைப் பிடித்தார். அத்தனை பெரிய அடுப்பை எங்கே பிடிப்பது? அதன் வாயோரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மனைவி வந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். செங்கல்கள் ஒவ்வொன்றாக, அப்புறம் மொத்தமாக, அவர் கையை விட்டுப் போயின. தண்ணீர் கொஞ்ச நேரம் செம்மண் நிறமாக ஓடியது. பிறகு பழையபடி ஓடியது.

தெருவில் நின்றுகொண்டு இயக்குநர் கல்லைத் துடைத்துவிட்டு, "ஒரு கீறல் கூட இல்லை," என்றார். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அலுவலகத்துக்கு மனிதாபிமானம் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. வீடிழந்தவருக்கு வேலை கொடுக்க அவர்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. கல்தூக்கியாக இருந்த பாத்திரக் கடைக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டுவிட்டதால் இடம் காலியாகவும் இருந்தது. ரொட்டிக்காரருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மைத்துனன் வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டு, மைத்துனன் மனைவி தட்டு வைக்கும் சத்தத்தைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாம் ஏது?

"போயிட்டு வாங்க," என்றாள் மனைவி.

போனார். முதல் வேலையே அவருடைய பழைய தெருவில்தான். விளிம்பிலிருந்து டேப்பை இழுத்தால், அவர் வீடு இருந்த பள்ளத்தைத் தாண்டித் தையல்காரம்மா வீட்டுப் பின்னறைக்குள் போகிறது. அளவை அதிகாரி குடையோடு ஆற்றங்கரையில் நின்றார். டேப்பின் இன்னொரு நுனியை ரொட்டிக்காரர் பிடித்துக்கொண்டு பின்னறைக்குள் வந்தார். தையல்காரம்மா அதைக் குனிந்து படித்தாள்.

"பத்தடி இருக்கா?" என்றார் அதிகாரி வெளியிலிருந்து.

"இருக்கு சார், பத்தடி இருக்கு," என்று அவளே பதில் சொன்னாள். அவளுக்குச் சந்தோஷம்.

ரொட்டிக்காரர் அவளுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நான் சொல்றதைக் கேளு. ஆறு வருது. எங்க வீட்டைத் தின்ன மாதிரி இதையும் தின்னுடும். மெஷினையெல்லாம் எடுத்துக்கிட்டு வேற எடம் பாரு."

அவள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க உங்க வீடு போன வருத்தத்துல பேசறீங்கண்ணே. எனக்குப் புரியுது."

"வருத்தத்துல சொல்லல. நிஜமாச் சொல்றேன்."

"பத்தடின்னு நான்தானே இப்பப் பாத்தேன்? டேப்பைப் புடிச்சிருந்தது வேற யாரோன்னா நானும் சந்தேகப்படுவேன். நீங்களே புடிச்சிருக்கும்போது எனக்கென்னண்ணே பயம்?"

ரொட்டிக்காரர் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் அவர் சொல்லியாகிவிட்டது. வெளியே அதிகாரி, "இன்னும் என்ன பண்றீங்க, கல்லை எடுங்க," என்று அவசரப்படுத்தினார். ரொட்டிக்காரர் வாசலுக்குப் போய்க் கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்," என்று தையல்காரம்மா ஓடிவந்து தரையில் ஒரு பலகையைப் போட்டாள். "பாத்துக் கால் வைங்க. நேத்துதான் தரை பூசினேன், சிமெண்டு இன்னும் காயல."